நீர் வற்றிய உடலில் முட்டுவலி மாத்திரை: சிறுநீரகம் நின்றதும் மீண்டதும் (நிகழ்வு ஆய்வு)

பின்னணி

நோயாளி 68 வயதுப் பெண். தென்மாவட்டக் கிராமம் ஒன்றில் மகன், மருமகளோடு இருக்கிறார். அடையாளம் காட்டிவிடும் விவரங்களை விட்டுவிட்டு, மருத்துவத்துக்குத் தேவையானதை மட்டும் இங்கே பதிவு செய்கிறேன்.

பத்து ஆண்டுகளாக ரத்த அழுத்தம். தினமும் காலையில் ஒரே மாத்திரை. அதில் அழுத்தம் குறைக்கும் டெல்மிசார்ட்டான் 40 மில்லிகிராமும், நீர்பிரிக்கும் மருந்தான ஹைட்ரோகுளோரோதயசைடு (சுருக்கமாகத் தயசைடு) 12.5 மில்லிகிராமும் சேர்ந்திருந்தன. அழுத்தம் 130/80 அளவில் கட்டுக்குள் இருந்தது. சர்க்கரை நோய் கிடையாது, இதயக் கோளாறு கிடையாது. நான்கு மாதங்களுக்கு முன் கண்புரை அறுவைக்காக எடுத்த ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு; வடிகட்டல் குறைந்தால் ரத்தத்தில் ஏறும்) 0.9, இயல்பான அளவு. அந்தச் சீட்டை மருமகள் ஒரு மஞ்சள் பையில் மற்ற மருத்துவத் தாள்களோடு வைத்திருந்தார். நாள்பட்ட சிறுநீரக நோயா, புதிதாக வந்த பாதிப்பா என்று மணிக்கணக்கில் யோசிக்க வேண்டிய வேலையை அந்த ஒரு தாள் மிச்சப்படுத்திக் கொடுத்தது.

கோடைக்காலம். ஊரில் கோயில் கொடை. மூன்று நாள் நின்றும் நடந்தும் இரண்டு முட்டும் வீங்கிவிட்டன. மகன் மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிக் கொடுத்தார்; காலை ஒன்று, இரவு ஒன்று. இரண்டு வருடமாகவே வலி கூடும்போதெல்லாம் இதே மாத்திரையைத்தான் போட்டுவந்திருக்கிறார். அடுத்த வாரம் எட்டாம் பூஜைச் சாப்பாட்டுக்குப் பிறகு வயிற்றுப்போக்கும் வாந்தியும் தொடங்கின. ஒரு நாளைக்குப் பத்துத் தடவைக்கு மேல் போயிருக்கிறது. தண்ணீர் குடித்தால் வாந்தி வருகிறதென்று குடிப்பதையும் குறைத்துவிட்டார். வலி மாத்திரை மட்டும் தொடர்ந்தது. பிபி மாத்திரையும் தொடர்ந்தது. "ஒருநாள்கூட விடக்கூடாது" என்று மருத்துவர் சொல்லியிருந்ததால் மருமகள் மறக்காமல் எடுத்துக் கொடுத்திருக்கிறார். சொன்ன சொல்லை ஒரு குடும்பம் இவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடித்த பிறகும் நடந்தது இது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

மூன்றாம் நாள் காலை எழுந்து நிற்க முடியவில்லை. முந்தைய மாலையிலிருந்து சிறுநீர் போகவில்லை என்பது அப்போதுதான் வீட்டில் கவனத்துக்கு வந்தது.

சேர்க்கையின்போது கண்டவை

நினைவு தெளிவாக இருந்தது. நாக்கு வறண்டு, கண்கள் உள்வாங்கியிருந்தன. நாடித்துடிப்பு 108. படுத்த நிலையில் ரத்த அழுத்தம் 92/60. உட்கார வைத்தபோது தலை சுற்றியது. மறுபடி படுக்க வைத்துவிட்டோம். காய்ச்சல் இல்லை. கால் வீக்கம் இல்லை, நுரையீரலில் நீர் கோர்த்த அறிகுறி இல்லை. சிறுநீர்க் குழாய் போட்டதும் வந்தது 60 மில்லிலிட்டர், அடர்ந்த நிறத்தில்.

ரத்தத்தில் யூரியா டெசிலிட்டருக்கு 168 மில்லிகிராம், கிரியாட்டினின் 3.8, சோடியம் 131, பொட்டாசியம் 6.1, அமிலத்தைச் சமன்செய்யும் பைகார்பனேட் 15. இசிஜியில் டி அலைகள் கூராக உயர்ந்து நின்றன; பொட்டாசியம் மிகுந்ததன் அடையாளம் அது. தட்டணுக்களும் பிலிருபினும் இயல்பு. நம் ஊரில் திடீர்ச் சிறுநீரகச் செயலிழப்பு என்றாலே எலிக்காய்ச்சலையும் ஸ்க்ரப் டைபஸ் என்னும் உண்ணிக்காய்ச்சலையும் நினைக்க வேண்டியிருக்கிறது. காய்ச்சல் இல்லாததும் இந்த இரண்டு முடிவுகளும் அவற்றைப் பின்னுக்குத் தள்ளின.

சிறுநீரில் புரதம் இல்லை, சிவப்பணு இல்லை. நுண்ணோக்கியில், சிறுநீரக நுண்குழலுக்குள் உறைந்து வரும் அச்சுகளில் நிறமற்ற ஹயலின் உருளைகள் சில தெரிந்தன. நுண்குழல் செத்துப்போயிருந்தால் தெரியும் சேற்றுப் பழுப்பு உருளைகள் இல்லை. ஸ்கேனில் இரண்டு சிறுநீரகங்களும் இயல்பான அளவு, அடைப்பில்லை. சிறுநீரில் வெளியேறும் சோடியத்தின் பங்கைக் கணக்கிட்டால், நீர்பிரிக்கும் மருந்து சாப்பிடுபவரிடம் அந்தக் கணக்கு நம்மை ஏமாற்றும். அதனால் யூரியாவின் பங்கைப் பார்த்தோம். 24 சதவீதம். 35க்குக் கீழே இருந்தால், சிறுநீரகத் திசு இன்னும் உயிரோடு நீரைப் பிடித்துவைக்கப் போராடுகிறது, ரத்தம்தான் போதவில்லை என்று பொருள்.

ஆனாலும் ஒரு கேள்வி நெருடியது. இரண்டரை நாள் வயிற்றுப்போக்கு இவருடைய கிரியாட்டினினை நான்கு மடங்குக்கு மேல் ஏற்றுமா? இதைவிட அதிகமாக நீர் இழந்து வரும் நோயாளிகள் பலர் 1.5, 1.8 அளவில்தான் வருகிறார்கள்.

மாத்திரைத் துண்டு

சேர்க்கும்போது பயிற்சி மருத்துவர் கேட்டிருந்தார்: "வேற ஏதாவது மருந்து சாப்பிடுறீங்களா?" "இல்லை" என்று பதில். நாட்டு மருந்து, லேகியம் உண்டா என்று கேட்டதற்கும் "இல்லை". கேஸ் ஷீட்டில் பிபி மாத்திரை மட்டும் பதிவானது.

ஒரு மணி நேரம் கழித்து, படுக்கையில் திரும்பிப் படுக்கும்போது முட்டைப் பிடித்துக்கொண்டு முனகியதைப் பார்த்த வார்டு சிஸ்டர் கேட்டார்: "அம்மா, முட்டு வலிக்கு என்ன போடுறீங்க?"

"அது வலி மாத்திரைதானேம்மா. மெடிக்கல்ல வாங்கினது."

மருமகள் பர்ஸிலிருந்து எடுத்துக் கொடுத்தது, கத்தரிக்கோலால் வெட்டிய இரண்டு மாத்திரைத் துண்டு. வெள்ளி உறையின் பின்பக்கம் பெயரின் வால் மட்டும் இருந்தது: "ஃபெனாக்". காலாவதித் தேதியும் முழுப் பெயரும் கடையிலிருக்கும் மிச்ச அட்டையோடு நின்றுவிட்டன. மகன் கடைக்குப் போன் செய்து விசாரித்துச் சொன்னார். ஏசிக்ளோஃபெனாக் 100 மில்லிகிராம், பாராசிட்டமால் 325, செர்ராஷியோபெப்டிடேஸ் 15. முட்டுவலி என்று சொன்னால் கடைகளில் சர்வ சாதாரணமாகக் கொடுக்கப்படும் கூட்டு.

இவர் எதையும் மறைக்கவில்லை. "மருந்து" என்றால் டாக்டர் எழுதிக் கொடுப்பது; வலி மாத்திரை அவருடைய கணக்கில் தைலத்தோடும் ஒத்தடத்தோடும் சேர்ந்தது. அந்தத் துண்டு கைக்கு வந்த பிறகு படம் முழுமையாகிவிட்டது.

நுண்தமனிகளில் நடந்தது

இரண்டு சிறுநீரகமும் சேர்ந்து சுமார் 300 கிராம். உடல் எடையில் அரை சதவீதம்கூட இல்லை. ஆனால் இதயம் வெளித்தள்ளும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல், நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்கும் அதிகமாக, அவற்றுக்குப் போகிறது. இவ்வளவு ரத்தம் அந்தத் திசுவின் பசிக்காகப் போவதில்லை, வடிகட்டுவதற்காகப் போகிறது. வடிகட்டும் இடம் குளோமெருலஸ் என்னும் நுண்நாளப் பந்து. உடலின் மற்ற இடங்களில் நுண்நாளங்களுக்கு முன்னால் தமனி, பின்னால் சிரை. இங்கே மட்டும் முன்னாலும் நுண்தமனி, பின்னாலும் நுண்தமனி. வயலின் இரு பக்கமும் மடை வைத்து நீர்மட்டம் காப்பதைப் போன்ற ஏற்பாடு: உள்ளே வரும் வழியைத் திறந்தாலும் வெளியே போகும் வழியைக் குறுக்கினாலும் நடுவில் மட்டம் ஏறும். அந்த மட்டம்தான் வடிகட்டும் அழுத்தம்.

சராசரி ரத்த அழுத்தம் சுமார் 80க்கும் 180க்கும் இடையே எங்கே இருந்தாலும் வடிகட்டல் பெரிதாக மாறாது. நிமிடத்துக்கு 120, 125 மில்லிலிட்டர் என்ற கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். நீண்டகால ரத்த அழுத்தக்காரர்களுக்கு இந்த எல்லையே மேலே நகர்ந்திருக்கும். 92/60 என்றால் சராசரி 71. இவருக்கு அது எல்லைக்கு வெகு கீழே.

இந்த நிலையில் சிறுநீரகத்தைக் காப்பாற்றுவது வேதித் தூதுவர்கள்தான். உடலில் நீர் குறைந்ததும் முதலில் நார்அட்ரினலின் ஏறுகிறது. மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தம் போக வேண்டுமென்று தோல், குடல், சிறுநீரகம் எல்லாவற்றின் தமனிகளையும் சுருக்குகிறது. உள்வரும் நுண்தமனியின் சுவரிலிருந்து ரெனின் சுரக்கிறது. ரெனின் புதிய பொருள் இல்லை. ஸ்டாக்ஹோமில் டிகர்ஸ்டெட்டும் பெர்க்மனும் முயலின் சிறுநீரகச் சாற்றில் 1898இலேயே கண்டது. அதன் வழியாகப் பிறக்கும் ஆஞ்சியோடென்சின் இரண்டு, ரத்தம் வெளியேறும் நுண்தமனியைக் கூடுதலாகச் சுருக்குகிறது. உள்ளே வரும் ரத்தம் குறைந்தாலும் வெளியேறும் வழி குறுகியதால் குளோமெருலஸின் அழுத்தம் தாக்குப்பிடிக்கிறது.

சுருக்குவதற்கு மட்டும் ஆளிருந்து, அதைத் தடுத்து நிறுத்த யாரும் இல்லையென்றால் உள்வரும் நுண்தமனியும் சேர்ந்து மூடிக்கொள்ளும். அங்கேதான் புரோஸ்டாகிளாண்டின்கள் வருகின்றன. சுருக்கும் பொருட்களே, அதாவது ஆஞ்சியோடென்சினும் நார்அட்ரினலினுமே, சிறுநீரகத்தின் ரத்தநாளச் சுவரைத் தூண்டிப் புரோஸ்டாகிளாண்டின் ஈ2, ஐ2 இரண்டையும் சுரக்கவைக்கின்றன. எனக்கு உடலியங்கியலில் மிகவும் பிடித்த இடம் இது: சுருக்கச் சொல்லும் அதே ஆணை, சிறுநீரகத்துக்குள் மட்டும் விரிக்கும் பொருளையும் பிறப்பிக்கிறது. செல் சவ்வின் அராகிடோனிக் அமிலத்திலிருந்து அந்தந்த இடத்திலேயே உருவாகி, பக்கத்துச் செல்லில் வேலை பார்த்துவிட்டு மறைந்துவிடும் பொருட்கள் இவை. ஈ2 நுரையீரலை ஒருமுறை கடந்தாலே பெரும்பகுதி அழிந்துவிடும். அதனால் சிறுநீரகத்துக்குக் கிடைத்த சலுகை உடலின் மற்ற தமனிகளுக்குப் போவதில்லை. நைட்ரிக் ஆக்சைடும் விரிக்கும் பக்கம் நிற்கிறது. எண்டோதீலினும், மேக்குலா டென்சாவின் (நுண்குழலில் உப்பின் அளவை உணரும் செல்கூட்டம்) வழியாக வரும் அடினோசினும் சுருக்கும் பக்கம்.

நீர் நிறைந்த உடலில் இந்த இழுபறியே கிடையாது. ஆஞ்சியோடென்சின் குறைவு, நார்அட்ரினலின் குறைவு. புரோஸ்டாகிளாண்டினை நிறுத்தினாலும் உள்வரும் நுண்தமனி திறந்தே இருக்கும். ஏசிக்ளோஃபெனாக் போன்ற மருந்துகள் சைக்ளோஆக்சிஜனேஸ் நொதியைத் தடுத்துப் புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியை நிறுத்துகின்றன. ஆஸ்பிரினை வைத்து ஜான் வேன் 1971இல் காட்டிய வழி அது. 1982இல் நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது. நலமான ஒருவர் இரண்டு நாள் வலி மாத்திரை போட்டால் சிறுநீரகத்தில் ஒன்றும் தெரியாததற்குக் காரணம், அன்று அந்தப் புரோஸ்டாகிளாண்டினுக்கு அங்கே வேலை இல்லை என்பதே.

இவருக்கு மூன்று பக்கமும் வழி அடைபட்டது. தயசைடு ஏற்கெனவே நீரையும் உப்பையும் குறைத்து வைத்திருந்தது. வயிற்றுப்போக்கு மிச்சத்தையும் எடுத்தது. உள்வரும் நுண்தமனியைத் திறந்துவைக்கும் புரோஸ்டாகிளாண்டினை வலி மாத்திரை நிறுத்தியது. வெளியேறும் நுண்தமனியைக் குறுக்கி அழுத்தம் காக்கும் ஆஞ்சியோடென்சினின் ஏற்பியை டெல்மிசார்ட்டான் அடைத்திருந்தது. வரும் வழி மூடி, போகும் வழி திறந்து, நடுவில் அழுத்தம் விழுந்தது. பொட்டாசியம் 6.1 ஆனதும் இதன் தொடர்ச்சிதான். ரெனின் சுரப்புக்கே புரோஸ்டாகிளாண்டினின் தூண்டுதல் வேண்டும். வலி மாத்திரை அதைக் குறைக்க, டெல்மிசார்ட்டான் ஆல்டோஸ்டிரோன் என்னும் ஹார்மோனைக் குறைக்க, பொட்டாசியத்தை வெளியேற்றும் வழியும் நின்றது.

நீர்பிரிக்கும் மருந்து, டெல்மிசார்ட்டான் போன்ற மருந்து, வலி மாத்திரை என்ற இந்த மூன்றின் கூட்டை மருத்துவ உலகம் அறியாததில்லை. பிரிட்டனில் ரத்த அழுத்த மருந்து எடுக்கும் ஏறத்தாழ 4.87 லட்சம் பேரின் பதிவுகளை வைத்து 2013இல் வெளியான ஆய்வில், மூன்று மருந்தும் சேர்ந்தவர்களுக்குத் திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு 31 சதவீதம் கூடுதலாக இருந்தது; சேர்ந்து எடுக்கத் தொடங்கிய முதல் 30 நாட்களில் 82 சதவீதம் கூடுதல். இரண்டு மருந்து மட்டும் சேர்ந்தவர்களிடம் அந்த ஆய்வு அப்படியொரு கூடுதலைக் காணவில்லை.

முதல் மணி நேரங்களில் எடுத்த முடிவுகள்

பொட்டாசியத்தைத்தான் முதலில் கவனித்தோம். இதயத்தைக் காக்க, இசிஜி ஓடிக்கொண்டிருக்கும்போதே 10 சதவீதக் கால்சியம் குளுக்கோனேட் 10 மில்லிலிட்டர் மெதுவாகச் சிரை வழியே கொடுத்தோம். அதன்பின், பொட்டாசியத்தைச் செல்லுக்குள் தள்ளுவதற்குக் குளுக்கோஸோடு இன்சுலின். வழக்கமான 10 யூனிட்டுக்குப் பதில் 5 யூனிட் போட்டோம். ஒல்லியான உடல், சாப்பாடு இல்லாத வயிறு, இன்சுலினை வெளியேற்றாத சிறுநீரகம். சர்க்கரை திடீரென விழுந்துவிடும் வாய்ப்பு அதிகம். ஆறு மணி நேரம் மணிக்கொரு முறை விரல் நுனியில் சர்க்கரை பார்த்தோம். அதே நோக்கத்துக்காகச் சால்பியூட்டமால் நெபுலைசரும் வைத்தோம்.

டெல்மிசார்ட்டான், தயசைடு, ஏசிக்ளோஃபெனாக் மூன்றும் உடனே நிறுத்தப்பட்டன. ஏசிக்ளோஃபெனாக்கின் அரைவாழ்வு சில மணி நேரம்தான். ஒரு நாளில் புரோஸ்டாகிளாண்டின் திரும்பிவிடும். டெல்மிசார்ட்டானுக்கு அது சுமார் 24 மணி நேரம். ஆகவே வரும் வழி முதலில் திறக்கும், போகும் வழி குறுக இரண்டு மூன்று நாளாகும் என்று கணக்கிட்டோம். முதல் நாள் கிரியாட்டினின் இறங்காவிட்டால் பதற வேண்டாம் என்று வார்டில் முன்கூட்டியே சொல்லிவைத்ததும் இதனால்தான்.

என்ன திரவம் ஏற்றுவது என்பதில் சிறு விவாதம் நடந்தது. ரிங்கர் லாக்டேட்டில் பொட்டாசியம் இருக்கிறதே என்று பயிற்சி மருத்துவர் தயங்கினார். நியாயமான தயக்கம். ஆனால் அதிலிருக்கும் பொட்டாசியம் லிட்டருக்கு 4 மில்லிஈக்விவலன்ட். இவருடைய ரத்தத்தில் இருப்பதைவிடக் குறைவு. நார்மல் சலைனில் பொட்டாசியம் இல்லை, ஆனால் குளோரைடு லிட்டருக்கு 154. அது ரத்தத்தின் அமிலத்தன்மையைக் கூட்டும். அமிலம் கூடினால் செல்லுக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியே வரும். இன்னொரு காரணமும் இருந்தது. நுண்குழலில் மேக்குலா டென்சாவை அடையும் குளோரைடு கூடினால் அங்கிருந்து அடினோசின் வழியாக உள்வரும் நுண்தமனிக்குச் சுருங்கும் ஆணை போகும். நலமான தன்னார்வலர்களுக்கு 2 லிட்டர் சலைன் ஏற்றி எம்.ஆர்.ஐ.யில் பார்த்த ஆய்வு 2012இல் வெளிவந்தது. குளோரைடு குறைந்த சமநிலைத் திரவத்தோடு ஒப்பிட்டால் சலைன் ஏறியபோது சிறுநீரகப் புறணிக்கான ரத்த ஓட்டம் குறைந்திருந்தது. ஏற்கெனவே சுருங்கிக் கிடக்கும் நுண்தமனிக்கு இன்னொரு சுருக்கியைக் கொடுக்க வேண்டாமென்று ரிங்கர் லாக்டேட்டையே எடுத்தோம். 250 மில்லிலிட்டராக ஏற்றி, ஒவ்வொரு முறையும் கழுத்துச் சிரையையும் நுரையீரல் அடித்தளத்தையும் பார்த்து, முதல் இரண்டு மணி நேரத்தில் ஒரு லிட்டர். பிறகு மணிக்கு 125 மில்லிலிட்டர்.

இரண்டு காரியங்களைச் செய்யவில்லை. சிறுநீர் வரட்டும் என்று ஃபியூரோசமைடு போடவில்லை. நீரில்லாத உடலிலிருந்து மேலும் நீரைப் பிடுங்குவது அது. "ரீனல் டோஸ்" டோபமைன் போடவில்லை. குறைந்த அளவு டோபமைன் சிறுநீரக நாளங்களை விரிக்கும் என்பது உண்மை. ஆனால் 328 நோயாளிகளை வைத்து ஆஸ்திரேலியா, நியூசிலாந்து தீவிர சிகிச்சைப் பிரிவுகள் 2000இல் வெளியிட்ட சோதனையில் அதனால் சிறுநீரகம் காக்கப்படவில்லை. நாளத்தில் தெரியும் விளைவு வேறு, நோயாளிக்குக் கிடைக்கும் பலன் வேறு.

டயாலிசிஸ் வசதி எங்களிடம் உண்டு. அன்றே செய்யலாமா என்ற கேள்வி எழுந்தது. சிறுநீரகம் இயல்பான அளவு, சிறுநீரில் திசுச் சிதைவின் தடயம் இல்லை, காரணம் கையில் இருக்கிறது, காரணத்தை நீக்கவும் முடியும். டயாலிசிஸின்போது அழுத்தம் விழுந்தால் குளோமெருலஸுக்கு இருக்கும் கொஞ்சநஞ்ச ரத்தமும் போய்விடும். சிகிச்சைக்குப் பிறகும் பொட்டாசியம் 6.5ஐத் தாண்டினால், நுரையீரலில் நீர் சேர்ந்தால், நினைவு மங்கினால், நீர் ஏற்றி 24 மணி நேரத்தில் சிறுநீர் வராவிட்டால் செய்வது என்று எல்லை வகுத்து, கேஸ் ஷீட்டில் எழுதி, காத்திருந்தோம். எல்லையை எழுதிவைத்ததால் இரவுப் பணிக்கு வந்தவருக்கும் குழப்பம் இருக்கவில்லை.

மகனிடம் பேசியது

அன்று மாலை மகன் கேட்டார்: "டாக்டர், அம்மா ரெண்டு வருஷமா அப்பப்ப இதே மாத்திரைய போட்டுட்டுதான் இருக்காங்க. அப்பல்லாம் ஒண்ணும் ஆகலையே?"

"அப்ப உடம்புல தண்ணி இருந்துச்சு, தம்பி. அதே மாத்திரைதான், ஆனா உடம்பு அன்னைக்கு வேற, இன்னைக்கு வேற."

அவர் விடவில்லை. "அப்ப வயித்தப் புண்ணாக்காத மாத்திரைன்னு ஒண்ணு இருக்குதாமே, அத வாங்கலாமா?" எடோரிகாக்சிப் போன்றவற்றைத்தான் கேட்கிறார். வயிற்றுக்கு அவை ஓரளவு பரவாயில்லை. சிறுநீரகத்தில் அந்தச் சலுகை இல்லை. அவை தடுக்கும் காக்ஸ்-2 (சைக்ளோஆக்சிஜனேஸில் ஒரு வகை) மேக்குலா டென்சாவிலும் சிறுநீரகத்தின் உட்பகுதியிலும் நலமான காலத்திலேயே வேலை பார்க்கும் நொதி. "அதுவும் வேண்டாம்" என்று காரணத்தோடு சொன்னோம். இந்த உரையாடலுக்கு ஒதுக்கிய நேரம் வீணில்லை. வெறுமனே "வலி மாத்திரை கூடாது" என்றிருந்தால், அடுத்த மாதம் வேறு பெயரில் அதே வகை வீட்டுக்குள் வந்திருக்கும்.

அடுத்த நாட்கள்

ஆறு மணி நேரத்தில் அழுத்தம் 110/70 ஆனது. பொட்டாசியம் 5.4க்கு இறங்கி, டி அலைகள் தணிந்தன. முதல் எட்டு மணி நேரம் சிறுநீர் மணிக்கு 20 மில்லிலிட்டர் அளவில் சொட்டியது. மறுநாள் காலை கிரியாட்டினின் 4.0. எதிர்பார்த்ததுதான் என்றாலும் மகனின் முகம் வாடியது. அன்று மதியத்துக்கு மேல் சிறுநீர் மணிக்கு 60, பிறகு 90 என்று ஏறியது.

இரண்டாம் நாள் முடிவில் கிரியாட்டினின் 3.1, மூன்றாம் நாள் 2.0, ஐந்தாம் நாள் 1.3. பைகார்பனேட் தானாகவே 22க்கு வந்தது. டயாலிசிஸ் தேவைப்படவில்லை. வாந்தி நின்றதும் ஓ.ஆர்.எஸ். கரைசலும் உப்புப் போட்ட கஞ்சியும் தொடங்கிச் சிரைவழித் திரவத்தை நிறுத்தினோம். சிறுநீர் வெள்ளமாக வந்த மூன்றாம் நாளில் பொட்டாசியம் 3.6 வரை போனது. அந்தப் பக்கமும் கவனம் வேண்டியிருக்கிறது.

முட்டுவலிக்குப் பாராசிட்டமால் மட்டும், நாளுக்கு 2 கிராமுக்குள். பிசியோதெரபிஸ்ட் தொடைத் தசைப் பயிற்சி கற்றுக்கொடுத்தார். சிறுநீரகம் முழுமையாகத் தேறிய பிறகு டைக்ளோஃபெனாக் ஜெல் அளவோடு தடவிக்கொள்ளலாம் என்றோம். மாத்திரையாக விழுங்கும்போது ரத்தத்தில் சேரும் அளவில் ஜெல் வழியே சேருவது சுமார் 6 சதவீதம்தான்.

ரத்த அழுத்த மருந்தை மீண்டும் தொடங்கியது

நான்காம் நாளே அழுத்தம் 150/90க்கு ஏறியது. ஆம்லோடிபின் 5 மில்லிகிராம் தொடங்கினோம். அது உள்வரும் நுண்தமனியைப் பிரதானமாக விரிக்கும் மருந்து. தேறிவரும் சிறுநீரகத்தின் வடிகட்டும் அழுத்தத்தைக் குறைக்காது.

மூன்று வாரம் கழித்து வந்தபோது கிரியாட்டினின் 1.0, சிறுநீரில் ஆல்புமின் இயல்பு. ஆனால் அழுத்தம் 148/88, கணுக்காலில் ஆம்லோடிபின் வீக்கம். அளவைக் கூட்டினால் வீக்கமும் கூடும். டெல்மிசார்ட்டானை மீண்டும் கொடுக்கலாமா என்று கேட்டபோது குடும்பமே மறுத்தது. கிட்னியைக் கெடுத்த மருந்து என்ற பேர் அதற்கு வீட்டில் விழுந்துவிட்டிருந்தது. மருத்துவர்கள் சிலரும் இப்படிப்பட்ட நோயாளிக்கு அந்த வகை மருந்தை வாழ்நாள் முழுக்க ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நீர் நிறைந்த உடலில் பத்து ஆண்டு இவரைக் காத்த மருந்து அது. குற்றம் அந்த வாரத்துச் சேர்க்கையில் இருந்தது.

காரணத்தை விளக்கி, தயசைடு இல்லாமல், 20 மில்லிகிராமாகத் தொடங்கினோம். பத்து நாளில் கிரியாட்டினினும் பொட்டாசியமும் பார்ப்பது, கிரியாட்டினின் 30 சதவீதத்துக்கு மேல் ஏறினால் நிறுத்துவது என்று முடிவு. வெளியேறும் நுண்தமனி விரிவதால் அதற்குள்ளான சிறு ஏற்றம் எதிர்பார்த்ததுதான். அதைக் கண்டு நிறுத்தத் தேவையில்லை. பத்தாம் நாள் கிரியாட்டினின் 1.0, பொட்டாசியம் 4.6, அழுத்தம் 132/80. மூன்று மாதத்தில் கிரியாட்டினின் 0.9. ஒருமுறை இப்படிப் பாதிக்கப்பட்டவருக்கு நாள்பட்ட சிறுநீரக நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல் என்பதால் கிரியாட்டினினும் சிறுநீர் ஆல்புமினும் தொடர்ந்து பார்க்கப்படும்.

இனி மாற்ற வேண்டியவை

கேள்வி கேட்கும் விதம் முதலில் மாற வேண்டும். "வேறு மருந்து உண்டா" என்பதற்குக் கிடைக்காத பதில் "முட்டுக்கு, முதுகுக்கு, தலைவலிக்கு என்ன போடுறீங்க" என்பதற்குக் கிடைக்கிறது. உறுப்பின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். "செட் மாத்திரை வாங்கினீங்களா" என்றும் கேட்க வேண்டும். காகிதத்தில் மடித்துக் கொடுத்த அந்த உதிரி மாத்திரைகளில் ஒன்று பெரும்பாலும் இந்த வகையாகவே இருக்கிறது.

"ஒருநாளும் விடாதீங்க" என்ற அறிவுரைக்கு ஒரு விலக்கு சேர வேண்டும். வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்து சாப்பிட, குடிக்க முடியாத நாளில் சார்ட்டான் (டெல்மிசார்ட்டான் போன்றவை), பிரில் (எனலாபிரில் போன்றவை) வகை மாத்திரைகளையும் நீர்பிரிக்கும் மாத்திரையையும் நிறுத்திவைக்க வேண்டும், ஓ.ஆர்.எஸ். குடிக்க வேண்டும், சாப்பாடு இயல்பாகி ஒன்றிரண்டு நாளில் மறுபடி தொடங்க வேண்டும். இதய பலவீனம் உள்ளவர்கள் தாங்களாக முடிவெடுக்காமல் மருத்துவரைக் கேட்க வேண்டும். நிறுத்து என்று சொல்லும்போதே எப்போது தொடங்குவது என்பதையும் சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் மாதக்கணக்கில் மாத்திரையே இல்லாமல் இருந்துவிட்டு அடுத்து பக்கவாதத்தோடு வருவார்கள். இவருடைய மருமகளுக்கு இதைத் தமிழில் நாலு வரியாக எழுதி, மாத்திரை டப்பாவிலேயே ஒட்டிக் கொடுத்தோம். அந்தக் கிராமத்துக்கு பிபி மாத்திரை கொண்டுவரும் சுகாதாரத் தன்னார்வலரும் அதைப் படியெடுத்துக் கொண்டார்.

மெடிக்கல் கடைகளைக் குறைசொல்லி முடித்துவிடுவது சுலபம். முட்டுவலியோடு வருபவர் கூலியை விட்டுவிட்டு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க முடியாதவராக இருக்கிறார்; கடைதான் அவருக்குக் கிட்டே இருக்கிறது. மகன் அந்தக் கடைக்காரரிடம் நடந்ததைச் சொல்லியிருக்கிறார். அட்டையை வெட்டும்போது பெயர் தெரியும்படி வெட்டவும், வலி மாத்திரை கேட்பவரிடம் "பிபி மாத்திரை சாப்பிடுறீங்களா" என்று ஒரு வார்த்தை கேட்கவும் அவர் ஒத்துக்கொண்டிருக்கிறார்.

எங்கள் ரத்த அழுத்தச் சிகிச்சைப் பிரிவில், அழுத்தம் எழுதும் கட்டத்துக்குப் பக்கத்தில் "வலி மாத்திரை?" என்று ஒரு கட்டம் சேர்த்தோம். ஆம் என்று பதில் வந்து, சார்ட்டானோ பிரிலோ நீர்பிரிக்கும் மாத்திரையோ கூடவே இருந்தால், வலிக்கு மாற்று வழி எழுதிக் கொடுத்துவிட்டு அன்றே கிரியாட்டினினும் பொட்டாசியமும் எடுக்கிறோம்.